கையில் கொடுத்த தாள் எத்தனை நாள் வீட்டில் இருக்கும்?

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலோ தர்மபுரி நான்கு ரோட்டிலோ கடை வைத்திருப்பவர்களிடம் விளம்பரம் பற்றிப் பேச்செடுத்தால், இரண்டு தீர்ப்புகளில் ஒன்று உடனே வந்து விழும். "இப்பல்லாம் நோட்டீஸ யாரு பாக்கறாங்க, எல்லாம் போன்லதான்" என்பது ஒன்று. "என்ன இருந்தாலும் தாள்ல அச்சடிச்சதுக்கு இருக்கிற மதிப்பே தனி" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் நாள்தோறும் சலுகை அனுப்புகிறவராக இருப்பார். இரண்டாவதைச் சொல்பவர் அச்சகத்தோடு தொடர்புடையவராக இருப்பார். நானும் தர்மபுரியில் ஓர் அச்சகத்தில் சில ஆண்டுகள் ஆர்டர் எடுத்தவன் என்பதால், இரண்டாம் தீர்ப்பைப் பலமுறை கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறேன். இரண்டுமே பாதி உண்மைகள். காகிதம் வணிகத்தில் எந்த வேலையைச் செய்கிறது, அதை எப்படிச் செய்கிறது என்று கேட்டால்தான் மீதிப் பாதி தெரியவரும்.

இக்கட்டுரையில் காகிதவழித் தொடர்பு என்று சொல்வது, வணிகர் ஒருவர் வாடிக்கையாளரின் கைக்கோ வீட்டுக்கோ அச்சிட்டு அனுப்பும் எல்லாவற்றையும் குறிக்கும்: பிட் நோட்டீஸ், விலைப்பட்டியல், அஞ்சலில் வரும் மடல், காலண்டர், முகவரி அட்டை, ரசீதின் பின்பக்கம்கூட. சாலையோர ஃப்ளெக்ஸ் இதில் சேராது. அது காகிதமே அல்ல, பிளாஸ்டிக் துணி. அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதுமில்லை.

மஞ்சள் தடவிய பத்திரிகை

நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் பங்காளி வீட்டுக்கும் மாமன் மச்சான் வீட்டுக்கும் தட்டில் வெற்றிலை பாக்கோடு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். அதே பத்திரிகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தேதி, முகூர்த்தம், மண்டபம் எல்லாம் எழுத்துப் பிசகாமல் போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும், "போன்ல அனுப்பினா போதும்னு நெனச்சிட்டாங்களா" என்று ஒரு பெரியம்மா மண்டபத்தின் பக்கமே வராமல் இருந்துவிடுவார். அவருக்குக் கிடைத்த செய்தியில் குறையேதும் இல்லை. செய்தியோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய வேறொன்று வரவில்லை. பென்னாகரத்திலிருந்து அரூருக்குப் பஸ் மாறி வந்து, அரை நாளைச் செலவழித்து, வாசலில் நின்று அழைத்தார்கள் என்பதே "நீங்கள் எங்களுக்கு வேண்டியவர்" என்பதற்கான சான்று. வேண்டாதவருக்கு யாரும் அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தச் சான்று நம்பப்படுகிறது.

இப்படி, செலவையோ சிரமத்தையோ ஏற்பதன் மூலம் சொல்லாமலே உணர்த்தப்படும் தகவலைப் பொருளியலில் சமிக்ஞை என்பார்கள். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர், வேலை தேடுவோர் தங்கள் திறமையைப் படிப்பின் மூலம் முதலாளிக்கு உணர்த்துவதை வைத்து இதை விளக்கினார். அவ்வகை ஆய்வுகளுக்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய கணக்குகள் நமக்குத் தேவையில்லை. எல்லோராலும் எளிதில் செய்யக்கூடிய ஒன்று எதையும் நிரூபிக்காது என்ற ஒரே கருத்து போதும்.

காகிதத்தைப் பற்றிய முதல் தவறான புரிதல் இங்கேதான் இருக்கிறது. காகிதம் என்பதாலேயே ஒரு செய்திக்கு நம்பகத்தன்மை வந்துவிடுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் வருவோர் போவோர் கையிலெல்லாம் திணிக்கப்படும் பிட் நோட்டீஸ் எந்தச் சமிக்ஞையும் தருவதில்லை என்பதற்கு, பத்தடி தள்ளித் தரையில் கிடக்கும் தாள்களே சாட்சி. பெயர் எழுதிய உறையில், அந்த வீட்டுக்குப் பொருந்தும் விஷயத்தோடு வரும் ஒரு பக்க மடல் சமிக்ஞை தருகிறது. இரண்டும் காகிதம்தான், ஒன்றில் யாரோ ஒருவர் உங்களை நினைத்திருக்கிறார்.

செலவு ஏன் ஒரு வரம்

ஆஃப்செட் அச்சில் முதலில் தகடு செய்ய வேண்டும். பல வண்ண நோட்டீஸ் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்குக்கும் தனித்தனித் தகடு. எத்தனை பிரதி அடித்தாலும் இந்த ஆரம்பச் செலவு மாறாது. அதற்கு மேல் ஒவ்வொரு தாளுக்கும் காகிதம், மை, ஓட்டுக்கூலி உண்டு. கணக்குக்காக, வடிவமைப்பும் தகடும் சேர்ந்து 3,000 ரூபாய் என்றும் ஒரு தாளுக்கு 60 காசு என்றும் வைத்துக்கொள்வோம். 1,000 பிரதிக்கு மொத்தம் 3,600 ரூபாய், அதாவது ஒன்று 3 ரூபாய் 60 காசு. 10,000 பிரதிக்கு 9,000 ரூபாய், ஒன்று 90 காசுதான். "சேர்த்து அடிச்சா மலிவுங்க" என்று அச்சகங்களில் சொல்வதன் பொருள் இதுவே. அதை நம்பித் தேவைக்கு மேல் அடித்து, மிச்சக் கட்டுகளைப் பரணில் ஏற்றியவர்கள் நிறையப் பேர்.

ஏற்கெனவே அடித்ததற்கு மேல் இன்னும் ஒரே ஒரு பிரதி அடித்து அனுப்ப ஆகும் செலவை இறுதிநிலைச் செலவு என்று சொல்வார்கள். மேலே உள்ள கணக்கில் அது 60 காசு, விநியோகக் கூலி தனி. வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ஒருவருக்குச் செய்தி போவதற்கான இறுதிநிலைச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கேட்பதற்கு இது கைபேசியின் வெற்றியாகத் தெரியும். ஆனால் அனுப்புவதற்குச் செலவில்லை என்றால் எல்லோரும் அனுப்புவார்கள், எல்லோரும் அனுப்பினால் வாங்குபவர் எதையும் திறந்து பார்க்க மாட்டார். வணிகக் குறுஞ்செய்திகளின் தொல்லை தாங்காமல்தான், வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தாளுக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டியிருப்பதால், கடைக்காரர் 'யாருக்கு' என்று ஒரு நிமிடமாவது யோசிக்கிறார். அந்த யோசனைதான் காகிதத்தின் உண்மையான பயன். தாள் அதை வற்புறுத்தும் கருவி மட்டுமே. யோசிக்காமல் அடித்து யோசிக்காமல் வீசினால் 60 காசு செலவில் அதே வாட்ஸ்அப் குப்பைதான் கிடைக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், செலவு இருப்பது இரண்டு வேலைகளைச் செய்கிறது: பெறுபவரிடம் நம்பிக்கையை உண்டாக்குகிறது, அனுப்புபவரைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது.

சுவரில் தொங்கும் கடை

ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக் கூட்டம் காவிரியில் முழுகிக்கொண்டிருக்கும் அதே நாளில், சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரிகளை வெளியிடும் வழக்கம் உண்டு. அவற்றைப் பார்த்து நம் ஊர் நகைக்கடைகளும் உரக்கடைகளும் ஆர்டர் கொடுக்க, கடையின் பெயர் பொறித்த தினசரி காலண்டர்கள் மார்கழியில் வந்து சேர்கின்றன. காலண்டரைத் தருபவர் கடைக்காரர். ஆனால் வீட்டில் அதை மாட்டி வைப்பது கடைக்காக அல்ல. நல்ல நேரம், ராகு காலம், கிருத்திகை, முகூர்த்த நாள், கேஸ் சிலிண்டர் வந்த தேதி, பால் கணக்கு ஆகியவற்றுக்காகவே அது சுவரில் இருக்கிறது. தாளைக் கிழிக்கும் ஒவ்வொரு காலையும் கடையின் பெயர் கண்ணில் படுவது, அந்தப் பயனோடு ஒட்டிக்கொண்டு வரும் உபரி.

ஒரு தாள் பெறுபவரின் வீட்டில் தூக்கி எறியப்படாமல் இருக்கும் காலத்தை அதன் ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். பிட் நோட்டீஸின் ஆயுள் நிமிடங்கள். செய்தித்தாளுக்குள் வரும் நோட்டீஸுக்கு அரை நாள். தினசரி காலண்டருக்கு ஓராண்டு. கைபேசிச் செய்தி நுட்பப்படி அழியாமல் இருக்கலாம், ஆனால் மேலே இன்னும் இருபது செய்திகள் வந்தவுடன் அது இல்லாததற்குச் சமம். தேடினால் கிடைப்பது வேறு, தேடாமலே கண்ணில் படுவது வேறு. காகிதத்தின் தனிச்சிறப்பு இரண்டாவதில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் இடைச்செருகல் தேவைப்படுகிறது. "தாளில் படித்தால் மனத்தில் பதியும் என்று ஆராய்ச்சியே சொல்கிறது" என்று அச்சுத் தொழிலில் இருப்போர் சொல்வதுண்டு. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளில் பங்கேற்ற 1,70,000க்கும் மேற்பட்டோரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து, திரையைவிடத் தாளில் படித்தோருக்குப் பொருள் சற்றுக் கூடுதலாகப் புரிந்தது என்று கண்டது உண்மையே. ஆனால் அவர்கள் உட்கார்ந்து பாடம் போல் ஒரு பகுதியைப் படித்தவர்கள். சந்தையில் நடந்துகொண்டே வாங்கிய நோட்டீஸுக்கு அதை அப்படியே பொருத்துவது நியாயமில்லை.

எந்தத் தெரு, எந்த மொழி

தாளை ஆளறிந்து சேர்ப்பதற்கு வழிகள் சில. அதிகாலையில் செய்தித்தாள் கட்டுகள் பிரிக்கப்படும்போது ஏஜென்டிடம் சொல்லிக் குறிப்பிட்ட லைன்களில் மட்டும் நோட்டீஸ் வைக்கச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடு மாடு பிடிக்க வருபவருக்குத் தீவன நோட்டீஸ் கொடுப்பதும் ஒரு தேர்வுதான். அஞ்சல் துறையிடம், முகவரி எழுதாத விளம்பரத் தாள்களையும் குறிப்பிட்ட பகுதியில் வீடுதோறும் சேர்க்கும் 'டைரக்ட் போஸ்ட்' சேவை இருக்கிறது. இதைப் பற்றி நம் பகுதி வணிகர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை.

பின்கோடை வைத்துப் பகுதி பிரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறை வந்தபோது இந்தப் பகுதி முழுவதும் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அஞ்சல் பிரிப்பு மாவட்ட எல்லையைப் பின்பற்றுவதில்லை. காரிமங்கலமும் மொரப்பூரும் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தாலும் அவற்றின் எண்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் போலவே 635இல் தொடங்குகின்றன. தர்மபுரி நகரத்தின் எண்ணோ 636இல் தொடங்குகிறது. 636 என்று மட்டும் வடிகட்டியவர் தம் மாவட்டத்தில் ஒரு பகுதியையே விட்டுவிடுவார்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டுமொழிகளாக உள்ள ஊர்கள் அவை. மூன்று மொழியையும் ஒரே தாளில் திணித்து எழுத்தைச் சுருக்குவதைவிட, தெருவுக்குத் தெரு எந்த மொழியில் படிப்பார்கள் என்று விசாரித்துத் தனித்தனியாக அடிப்பதே மேல். தகடு செலவு கூடும் என்று தயங்குபவர்கள், கறுப்பு எழுத்துள்ள ஒரு தகட்டை மட்டும் மாற்றி, வண்ணத் தகடுகள் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளும் பழைய அச்சக உபாயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒட்டுக்கன்று வாங்கும்போது

போச்சம்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள சந்தூர், மாங்கன்று நாற்றுப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே கன்று வாங்கும் விவசாயியின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகம் என்று சொல்லிக் கொடுத்ததை அவர் வாங்குகிறார். கன்றைப் பார்த்து ரகத்தை உறுதியாகச் சொல்வது எளிதல்ல. காய் பிடித்து உண்மை தெரிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் குழி வெட்டியது, தண்ணீர் விட்டது, காவல் இருந்தது எல்லாம் செலவாகிவிட்டிருக்கும். வாங்கும்போது தரத்தை அறிய முடியாத சரக்கு இது. இப்படிப்பட்ட சரக்கில் விற்பவரின் சொல்லைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. சொல்லோ காற்றில் போய்விடும்.

இனி, இரண்டு நாற்றுப்பண்ணைகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று கன்றுகளின் படத்தைக் கைபேசியில் அனுப்பி, பணம் வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏற்றிவிடுகிறது. மற்றொன்று அதோடு ஓர் அட்டையும் கொடுக்கிறது. ரகத்தின் பெயர், எண்ணிக்கை, கொடுத்த தேதி, பண்ணையின் முகவரி ஆகியவை முன்பக்கம். நடவு இடைவெளி, ஒட்டுக்குக் கீழே தளிர்த்தால் கிள்ளிவிட வேண்டும் என்ற குறிப்பு, பூக்கும் பருவத்தில் தண்ணீர் விடும் முறை ஆகியவை பின்பக்கம். அந்த அட்டையை விவசாயி மோட்டார் கொட்டகையில் மின்வாரிய அட்டைக்குப் பக்கத்தில் செருகி வைப்பார், ஏனென்றால் அவருக்கு அது தேவைப்படுகிறது. நான்கு ஆண்டு கழித்து வேறு காய் காய்த்தால், தேதியும் முகவரியும் உள்ள அந்த அட்டையோடு அவர் பண்ணை வாசலில் வந்து நிற்க முடியும். தனக்கு எதிராகவே நீட்டப்படக்கூடிய ஒரு தாளைக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறவர், தன் சரக்கு எதுவென்று அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். மேலே சொன்ன சமிக்ஞை இங்கே முழு வலுவோடு வேலை செய்கிறது; இதில் செலவு என்பது அச்சுக்கூலி அல்ல, மாட்டிக்கொள்ளும் அபாயம்.

இதே அறிவு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்காவில் பயன்பட்டது. 1872இல் சிக்காகோவில் ஆரன் மான்ட்கோமரி வார்டு என்பவர் ஒரே ஒரு தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு, ஊர்ப்புறத்து விவசாயிகளுக்கு அஞ்சலில் சரக்கு விற்கத் தொடங்கினார். முகம் தெரியாத கடைக்கு யார் பணம் அனுப்புவார்கள்? 1875இல் அவர் பிடிக்காவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதியையும் அச்சில் கொடுத்தார். வாக்கு அச்சில் இருந்ததால் வாங்கியவரிடம் ஆதாரம் இருந்தது. ஒட்டுக்கன்று அட்டையும் அந்த விலைப்பட்டியலும் ஒரே குடும்பம்தான்.

தாளும் போனும் பங்காளிகள்

பெரிய நிறுவனங்கள் காகிதத்தை விட்டுவிட்டன என்பதற்கு, அறைகலன் விற்கும் ஐகியா தன் ஆண்டுப் பட்டியலை நிறுத்துவதாக 2020இல் அறிவித்ததைக் காட்டுவார்கள். எழுபது ஆண்டுகளாக வந்த பட்டியல் அது. ஆனால் முழுக்க இணையத்திலேயே வளர்ந்த அமேசான், 2018 முதல் அமெரிக்காவில் பண்டிகைக் காலப் பொம்மைப் பட்டியலை அச்சிட்டு வீடுகளுக்கு அனுப்புகிறது. ஒன்று போனதும் ஒன்று வந்ததும் முரணல்ல. எப்போது வேண்டுமானாலும் தேடிப் பார்க்கக்கூடிய பொருளுக்குத் திரை போதும்; தரையில் உட்கார்ந்து குழந்தைகள் புரட்டி, பேனாவால் வட்டம் போட வேண்டியதற்குத் தாள் வேண்டும்.

இரண்டையும் இணைக்கும் பாலம் க்யூஆர் கோடு. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கிய அந்தக் கட்டம், இன்று இளநீர்க் கடையிலும் பணம் வாங்குகிறது. தாள் கண்ணில் பட்டு நினைவூட்டும். கட்டத்தை ஸ்கேன் செய்தால் அன்றைய விலை, கடைக்குப் போகும் வழி, கன்று நடும் முறையின் காணொளி ஆகியவற்றைக் கைபேசி காட்டும். ஒன்றால் முடியாததை மற்றொன்று செய்கிறது.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்

"நோட்டீஸ் அடிச்சோம், வியாபாரம் நல்லாத்தான் இருந்துச்சு" என்பது கணக்கல்ல. அனுப்பிய தாள்களில் எத்தனைக்கு ஆள் வந்தார்கள் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வது பதில் விகிதம். தர்மபுரியில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை ஒன்று 4,000 நோட்டீஸை அச்சுக்கும் விநியோகத்துக்கும் 6,000 ரூபாய் செலவிட்டுக் கொடுத்ததாகவும், "தாளைக் கொண்டுவந்தால் ஒரு வடிகட்டி இலவசம்" என்று போட்டிருந்ததாகவும் கொள்வோம். தாளோடு வந்தவர் 40 பேர் என்றால் பதில் விகிதம் நூற்றுக்கு 1. அவர்களில் 10 பேர் வாங்கியிருந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு ஆன செலவு 600 ரூபாய். ஒரு ஏக்கர் குழாயில் நிற்கும் லாபத்தோடு ஒப்பிட்டால் அது மலிவு. அதே 600 ரூபாய் டீக்கடைக்கு ஆகாது. பதில் விகிதம் குறைவு என்பதாலேயே நோட்டீஸ் தோற்றது என்று சொல்லிவிட முடியாது.

பாலக்கோட்டுக்கு ஓர் எழுத்து, பாப்பிரெட்டிப்பட்டிக்கு வேறோர் எழுத்து என்று தாளின் ஓரத்தில் சிறிய குறியீடு போட்டுவிட்டால், எந்த ஊர் தாள் திரும்பி வருகிறது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. தாளோடு வந்தவர், தாள் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரோ? இதை அறிய, ஒரே மாதிரியான சில ஊர்களுக்கு வேண்டுமென்றே நோட்டீஸ் கொடுக்காமல் விட்டுவைத்து, அங்கிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவ்வாறு விட்டுவைப்பதை ஒப்பீட்டுக் குழு என்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நோட்டீஸின் உண்மையான பலன். கையில் தாள் இருக்கும்போது கொடுக்காமல் இருப்பதற்கு மனம் வராது என்பதால், இதைச் செய்து பார்த்த கடைக்காரர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

எங்கே தாள் தோற்கும்

பாலக்கோடு தக்காளி மண்டியில் காலையில் இருந்த விலை மதியம் இருக்காது. அதைத் தாளில் அடிப்பது வீண். வாட்ஸ்அப் குழுதான் அதற்கு உரிய இடம். மணிக்கணக்கில் மாறும் தகவல், உடனே பதில் கேட்கும் தகவல், ஒரே நாளில் முடியும் தள்ளுபடி ஆகியவற்றுக்குக் காகிதத்தின் ஆயுளே பகையாகிவிடும்.

பிழையும் அப்படித்தான். கைபேசியில் தவறாக அனுப்பியதை அழித்துவிட்டு வேறு அனுப்பலாம். நான் அச்சகத்தில் இருந்தபோது குழாய்க் கடை ஒன்றின் நோட்டீஸில் தொலைபேசி எண்ணின் ஓர் இலக்கம் மாறிவிட்டது. மெய்ப்புப் பார்த்தவன் நான். கண்டுபிடித்தபோது ஆயிரம் தாள் போய்விட்டிருந்தது. மிச்சம் நான்காயிரத்தில் இரவெல்லாம் ரப்பர் ஸ்டாம்பு குத்தினோம். நோட்டீஸின் பின்பக்கம் பயிர்வாரியாகத் தண்ணீர் விடும் நேரத்தை அச்சிட்டிருந்ததால் விவசாயிகள் அதைத் தூக்கி எறியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து இண்டூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில், ஸ்டாம்பு குத்தாத தாள் ஒன்று மஞ்சளேறிப் போய் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அந்தத் தவறான எண்ணுக்கு உரியவருக்குக் குழாய் கேட்டு அப்போதும் அழைப்பு வந்துகொண்டிருந்ததாகக் கடைக்காரர் சொன்னார்.